கண்மாய் வண்டலும் அநுமதியும்

அறந்தாங்கி வட்டாரக் கண்மாய்களிற் பல வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. சில, 1934-ல் முடிவுற்ற மேட்டூர்த் திட்டத்தைச் சேர்ந்த கல்லணைக் கால்வாயின் கடைமடையில் நீர் பெறுபவை. எவ்வகையாயினும், வெள்ளத்துடன் வந்து படியும் வண்டல் நாளடைவில் அவற்றின் கொள்ளளவைக் குறைத்துவிடுகின்றது. நுண்ணிய களியும் மக்கிய பொருள்களும் கலந்த அவ்வண்டலே மணற்பாங்கான நிலத்தில் ஈரத்தை நிறுத்தி வைப்பதாகும். ஆகையால், கோடையில் அதை எடுத்து வயலில் இடுதல் நிலத்திற்கும் கண்மாய்க்கும் ஒருங்கே நன்மை பயக்கும்.

எனினும், அநுமதியின்றி எடுத்தல் கூடாது. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி, விவசாயத்திற்குரிய வண்டல் கட்டணமின்றிக் கிடைக்கும். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டரும் எடுக்கலாம். முன்னர் கலெக்டரிடம் பெறவேண்டியிருந்த இவ்வநுமதியை வழங்கும் அதிகாரம் 2024-ல் தாசில்தாருக்கு அளிக்கப்பட்டது.

ஊர்க் கண்மாய்க்கு அநுமதி எதற்கு என்று சிலர் வினவலாம். மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டிய குழியில் தேங்கும் நீர் வயலுக்குப் பாயாது. கரையோரம் தோண்டினால், கரை வலுவிழந்து பெருமழையில் உடைப்பெடுக்கும். அடிக்களியையும் அகற்றி மணலை எட்டிவிட்டால், நின்ற நீரும் கீழிறங்கி வற்றிவிடும். எனவே இடமும் ஆழமும் அளவிட்டே மண் எடுக்கப்படல் வேண்டும்.

வயலுக்கெனப் பெற்ற மண்ணைச் செங்கற் சூளைக்கு விற்பது விதிமீறலாகும். கிராம அதிகாரிகள் இதைக் கவனித்தல் அவசியம். ஏனெனில், இலாபம் ஒருவருக்கு, நட்டமோ ஆயக்கட்டு முழுவதற்கும்.