உதிர்ந்துபோன ராட்சதன்

டைனோசர் எலும்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதைக் காப்பாற்றுவது மீதி. அரியலூரில் நடந்தது இதற்குச் சாட்சி.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எத்தனை ஆழம் தோண்டினாலும் டைனோசர் எலும்பு கிடைக்காது. நகரத்தின் அடியில் இருப்பது, டைனோசர்கள் தோன்றுவதற்கு 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறுகிவிட்ட நைஸ் பாறை. எலும்பு தேடுகிறவர் தமிழ்நாட்டின் அரியலூருக்குத்தான் போக வேண்டும்.

அரியலூர் ஒரு காலத்தில் கடல். இன்று சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தருவது அந்தக் கடலின் அடித்தளம். கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும் கல்லமேடு பகுதியில் தெரிகின்றன. வயது சுமார் 7 கோடி ஆண்டுகள். இங்கே கிடைத்த டைனோசர் எலும்புகளைப் பற்றி ஆங்கிலேய நிலவியலாளர் சார்லஸ் மேட்லி 1929லேயே எழுதினார்.

1980களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அதே மண்ணில் ஒரு பூதத்தைச் சந்தித்தார்கள். முன்னங்கால் எலும்பு அல்ல, பின்னங்காலின் கீழ் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர் நீளம்! 'பேருடல் கொண்டது' என்ற பொருளில் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தனர். கூடவே மேட்லியின் பெயரையும் சேர்த்தனர்.

ஆனால் எலும்புகள் மிக மென்மையானவை. கட்டிய கட்டுக்குள்ளேயே உதிர்ந்தன. உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கக்கூடியதற்கு இன்று கையில் எலும்பு இல்லை. 'அது எலும்பா, கல்லான மரமா?' என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். 2022ல் வெளியான பழைய களப் புகைப்படங்கள்தான் அதற்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தன.

அமெரிக்காவின் வாத்தலகு டைனோசருக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கும். நியூ ஜெர்சியின் ஹாடன்ஃபீல்டில், 1838ல் ஒரு பண்ணைக் குழியில் பெரிய எலும்புகள் வந்தன. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். அவை போனவை போனவைதான். 20 ஆண்டுகள் கழித்து, 1858ல் வில்லியம் ஃபோல்க் கேள்விப்பட்டு மீண்டும் தோண்ட வைத்தார். மிஞ்சியதை ஜோசப் லீடி ஆராய்ந்து ஹாட்ரோசாரஸ் என்றார். 1868ல் பிலடெல்ஃபியாவில் அது எழுந்து நின்றபோது, உலகில் முதன்முதலாகப் பொருத்தி நிறுத்தப்பட்ட டைனோசர் எலும்புக்கூடு அதுவே. வாத்தலகு டைனோசர் இந்தியாவில் வாழ்ந்ததற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை.

எலும்பை எடுப்பது எப்படி? முதலில் தொடாமல் படம் பிடித்து, கிடந்த திசையையும் அடுக்கையும் குறிக்க வேண்டும். விரிசல்களில் பசை ஊற்றி இறுக்க வேண்டும். ஈரக் காகிதம் போர்த்தி, பிளாஸ்டரில் நனைத்த சாக்குத் துணியைச் சுற்ற வேண்டும். உடைந்த காலுக்குப் போடும் மாவுக்கட்டு மாதிரிதான். பிறகு அடியைக் குடைந்து புரட்டி, எண் எழுத வேண்டும். எல்லாம் செய்தும் ஈரமும் வெயிலும் வெல்லலாம். அப்போது மிஞ்சுவது குறிப்பேடும் புகைப்படமும்தான்.

அரியலூர்ப் பக்கம் போகிறவர்கள் விநோதமான கல்லைக் கண்டால் பையில் போட்டுக்கொள்ளாமல், படம் எடுத்து, இடத்தைக் குறித்து நிலவியல் துறைக்குச் சொல்வது நல்லது. இடம் தெரியாத எலும்பு, வெறும் கல்தான்.