திரும்பி வரவேண்டிய பெட்டிகள்

திருமண வீட்டுக்கு இரவல் கொடுக்கும் அண்டா, குண்டான்களில் பெயர் வெட்டி வைப்பது நம்மவர் வழக்கம். அப்பெயர் பாத்திரம் யாருடையது என்பதைச் சொல்லும். எந்த வீட்டுப் பரணில் கிடக்கிறது என்பதைச் சொல்லாது. வாணிகத்திலும் இதே தொல்லை உண்டு. ரொட்டியும் காய்கறியும் ஏற்றிச் செல்லும் பிளாஸ்டிக் பெட்டிகள், சரக்குக்கு அடியில் வைக்கும் மரத்தட்டுகள், எரிவாயுச் சிலிண்டர்கள் ஆகியவை விற்பனைக்குரியவை அல்ல. வெறுமையாகத் திரும்பி வரவேண்டியவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் ஆஸ்திரேலியாவில் விட்டுச் சென்ற மரத்தட்டுகளைக் கொண்டு அந்நாட்டு அரசாங்கம் ஒரு பொது இரவல் ஏற்பாட்டை நடத்திற்று. 1958ல் அது பிராம்பிள்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ‘செப்’ என்னும் பெயருடைய நீல வண்ணத் தட்டுகளாக அவை இன்று பல நாடுகளில் உலவுகின்றன. நீல வண்ணமும் பெயர் வெட்டியது போன்றதே. உரியவரைக் காட்டுமேயன்றி இருப்பிடத்தைக் காட்டாது.

இக்குறையைப் போக்க வந்ததே வானொலி அலைச் சில்லு. ஆர்.எஃப்.ஐ.டி. என்பது இதன் சுருக்கப் பெயர். அரிசிமணியினும் சிறிய சில்லு ஒன்று, அதனோடு மெல்லிய உலோக ஏரியல், இவ்வளவே. பெரும்பாலானவற்றில் மின்கலம் இல்லை. ஆயின் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று மாணவர் வினவக்கூடும். வாசலில் பொருத்திய படிப்பான் அனுப்பும் அலையிலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. அவ்வலையையே தன் எண்ணுக்கேற்ப மாற்றித் திருப்பி விடுகிறது. திரும்பும் அலையின் வழியே செய்தி அனுப்புவது பற்றி ஹாரி ஸ்டாக்மன் 1948லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். பார்கோடு போல் ஒவ்வொன்றையும் நேரே காட்டவேண்டியதில்லை. அடுக்கிய பெட்டிகள் வாசலைக் கடக்கும்போதே தனித்தனி எண்கள் பதிவாகும். சிங்கப்பூர் வாசகர்க்கு இது புதிதன்று. 1998லேயே புக்கிட் பாத்தோக் நூலகத்தில் இம்முறை புகுந்துவிட்டது.

உலோகமும் நீரும் இதற்குப் பகை. உலோகம் அலையைத் திருப்பும். நீர் அதை விழுங்கும். ஆகவே சிலிண்டருக்கும் சில்லுக்கும் இடையே தடுப்பு வைப்பர்.

பெட்டி தொலைந்தால்தான் நட்டம் என்று எண்ணுகிறோம். தங்கினாலும் நட்டமே. நாள்தோறும் 100 பெட்டி அனுப்பும் ஆலைக்கு, அவை 10 நாளில் திரும்பினால் 1,000 பெட்டி போதும். 30 நாள் ஆனால் 3,000 வேண்டும். ஒன்றுகூடத் தொலையவில்லை, ஆயினும் 2,000 பெட்டிக்குரிய முதல் முடங்கிவிட்டது! புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் பெட்டிதோறும் பதிவானால்தான் இந்நோய் புலப்படும்.

இனி, சிறு கடைக்காரர் நிலை. 30 பெட்டி திருப்பித் தந்தேன் என்பார் அவர். 26 தான் வந்தது என்பார் ஆலைக் கணக்கர். கடைக்காரருக்கு வாய்ச்சொல்லே சான்று. வைப்புப் பணத்தை இழப்பவரும் அவரே. படிப்பான் ஆலை வாசலில் மட்டும் இருந்தால் இந்நிலை மாறாது. நான்கு பெட்டி கடையிலேயே நின்றனவா, வழியில் இறங்கினவா என்பதை அது அறியாது. லாரியில் ஏற்றும்போதே, கடைக்காரர் முன்னிலையில், கைப் படிப்பானால் எண்ணவேண்டும். அக்கணக்கின் படி ஒன்று அவர் கையிலும் இருக்கவேண்டும்.