தூண்டில் நரம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வருதா? காரணமும் தீர்வும் இதோ

ரவாங் பக்கம் சனிக்கிழமை காலையில் மீன் பிடிக்கக் கிளம்புறீங்க. ரீலைத் திறந்து வீசினால் தங்சி நரம்பு வளையம் வளையமா விழுது. முடிச்சு விழுது, மீன் கடிப்பது கைக்குத் தெரிவதில்லை. புது நரம்பு வாங்கணுமா? பொறுங்க, பெரும்பாலும் தேவையில்லை.

ஏன் சுருளுது?

நைலானை 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கினர். அது நீண்ட மூலக்கூறு சங்கிலிகளால் ஆனது. சங்கிலிகளுக்கு இடையே பலவீனமான பிணைப்புகள் இருக்கு. சின்ன ரீலில் வாரக்கணக்கில் சுற்றியே இருந்தால், அந்தப் பிணைப்புகள் வளைந்த வடிவத்துக்கு ஏற்ப மாறிக்கொள்ளும். அதனால்தான் நரம்பு சுருளை ‘மறப்பதில்லை’.

இந்தப் பிணைப்புகளைத் தளர்த்துபவை இரண்டு: வெப்பம், தண்ணீர். காய்ந்த நைலான் சுமார் 50 டிகிரி செல்சியஸில் தளரத் தொடங்கும். நீரில் ஊறினால் அதைவிடக் குறைந்த வெப்பமே போதும்.

எப்படி நிமிர்த்துவது?

லீடர் என்றால், கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் ஊற வையுங்க. பிறகு இரு முனையையும் பிடித்து, மெதுவாக இழுத்து, ஆறும் வரை அப்படியே வைத்திருங்க. கொதிக்கும் நீர் வேண்டாம். அது நரம்பைக் கெடுத்துவிடும்.

சிலர் ரப்பர் துண்டுக்குள் வைத்து உருவுவார்கள். வேலை செய்யும், ஆனால் மெதுவாகச் செய்யணும். வேகமாக உருவினால் உராய்வுச் சூடு நரம்பைப் பலவீனமாக்கும்.

ரீலில் உள்ள நீள நரம்புக்கு, திடலில் ஒரு கம்பத்தில் முனையைக் கட்டி, நடந்தபடியே விட்டு, ஈரத்துணியால் துடைத்து, மிதமாக இழுத்துப் பிடியுங்க. ரீலில் திரும்பச் சுற்றும்போது விறைப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்க.

புளோரோகார்பன் லீடர் தண்ணீரை உறிஞ்சாது. அதற்கு ஊறல் உதவாது. இழுத்துப் பிடிப்பதுதான் வழி. கூர்மையாக மடிந்த இடம் எந்த நரம்பிலும் சரியாகாது. அங்கே வெட்டிவிடுங்க.

எங்கே வைப்பது?

நம்மில் பலர் செய்யும் தப்பு இதுதான்: ரீலை கார் பூட்டிலேயே போட்டுவிடுவது. மத்தியான வெயிலில் நரம்பு சூடாகி, இரவில் சுருண்ட நிலையிலேயே ஆறும். நிமிர்த்த நாம் செய்வதையே அது தலைகீழாகச் செய்கிறது. ஈரத்தோடு சுற்றி வைத்தாலும் அதே கதிதான், காயும்போதே சுருள் உறுதியாகிவிடும். அதனால், நிழலில் காயவிட்டு, அகலமான ஸ்பூலில் தளர்வாகச் சுற்றி வீட்டுக்குள் வையுங்க. சூரியனின் புற ஊதாக் கதிரும் நைலானைக் கெடுக்கும்.

தூக்கிப் போடும் நேரம் எப்போ?

நரம்பு வெளுத்திருந்தால், விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தால், முடிச்சு எளிதில் அறுந்தால் மாற்றிவிடுங்க. ஆனால் குளக்கரையில் போடாதீங்க. ஈயம் தோண்டிய இடங்களில் நீர் தேங்கி உண்டான குளங்கள் சிலாங்கூரில் நிறைய. அங்கு வரும் கொக்கின் காலிலும் உடும்பின் கழுத்திலும் இந்த நரம்பு சிக்கிக்கொண்டால் தானாக அவிழாது. நைலான் மட்கவும் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். சிறு துண்டுகளாக வெட்டி, பையில் கட்டி, குப்பைத் தொட்டியில் போடுங்க.

அடுத்த முறை கிளம்பும் முன் அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. மீன் கடிப்பது முதலில் உங்கள் கைக்குத்தான் தெரியணும்.