உப்பை விடாத சிறுநீரகம்

பதினாறு வயதுப் பெண்ணுக்கு ரத்தக் கொதிப்பு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர் கிராண்ட் லிடிலைத் திகைக்க வைத்த நோயாளி அவர். ரத்தத்தில் பொட்டாசியமும் குறைந்திருந்தது. உடன்பிறந்தவர்களுக்கும் இதே தொல்லை.

அட்ரீனல் சுரப்பி அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவு மீறிச் சுரந்தால் இப்படி ஆகும். உப்பைப் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வது அந்த ஹார்மோன்தான். ஆனால், அளந்து பார்த்தபோது அல்டோஸ்டிரோன் மிகமிகக் குறைவு. ஏவ ஆளில்லாமலே சிறுநீரகம் உப்பைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

அல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் பயன் தரவில்லை. சிறுநீரக நுண்குழாயில் நேரடியாக வேலை செய்யும் டிரையாம்டெரீனைக் கொடுத்ததும் அழுத்தம் இறங்கியது; பொட்டாசியம் ஏறியது. மரபணுவைப் படிக்க வழியே இல்லாத காலத்தில், இந்த இரண்டு மாத்திரைகளின் வேறுபாட்டை வைத்தே கோளாறு சிறுநீரகத்தில் இருக்கிறது என்று லிடில் கண்டுகொண்டார். மருத்துவம் இவ்வளவு கூர்மையாக யோசித்த தருணங்கள் குறைவு என்பேன். 1963-இல் அவர் குழு வெளியிட்ட அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: லிடில் சிண்ட்ரோம். பின்னாளில் அந்தப் பெண்ணின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 1989-இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியதும் இந்தக் கோளாறும் போய்விட்டது. லிடில் கணித்தது சரிதான்.

காரணம் 1994-இல் தெரிந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லிஃப்டன் குழுவினர் அதே குடும்பத்தின் மரபணுவை ஆராய்ந்தார்கள். நுண்குழாய்ச் செல்களில் சோடியம் நுழையும் வாசல்கள் உண்டு. வேலை முடிந்த வாசலை அகற்றுவதற்கான அடையாளம் அதன் வால்பகுதியில் இருக்கும். மரபணுப் பிழையால் அந்த அடையாளம் கெட்டுவிடுகிறது. வாசல்கள் அகற்றப்படாமல் பெருகுகின்றன. உப்பு உள்ளே வருகிறது, பின்னாலேயே நீரும். ரத்த அழுத்தம் ஏறுகிறது.

அமிலோரைடும் டிரையாம்டெரீனும் அந்த வாசலையே அடைக்கின்றன. இரண்டுமே பழைய மருந்துகள். உணவில் உப்பைக் குறைக்காவிட்டால் அவற்றின் பலன் மங்கும். பொட்டாசியம் அளவு மீறி ஏறுகிறதா என்று ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது தேவை, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் கட்டாயம்.

இந்த நோயாளிகள் எல்லோருக்கும் பொட்டாசியம் குறைந்திருப்பதில்லை; அதனாலேயே நோய் கண்ணில் படாமல் போகிறது. சிறு வயதிலேயே ரத்தக் கொதிப்பு, வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்கவில்லை, வீட்டில் இன்னும் சிலருக்கும் உண்டு என்றால் அல்டோஸ்டிரோனையும், அதன் சுரப்பைத் தூண்டும் ரெனின் என்ற நொதியையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டுமே குறைந்திருந்தால் லிடில் சிண்ட்ரோமைச் சந்தேகிக்கலாம். மரபணுச் சோதனை உறுதி செய்யும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு. எனவே ஒருவருக்கு உறுதியானதும், தலைவலிகூட இல்லாத தம்பி தங்கைகளையும் அழைத்துப்போய்ப் பரிசோதிப்பது அவசியம்.