காபன் நனோகுழாய்களும் நுண்கருவிகளும்

இலங்கையின் காரீயத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அண்மைக் காலமாக 'நனோ' என்னும் சொல்லும் உடன் வந்து சேர்ந்துகொள்கின்றது. போகலவிலும் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளில் நரம்புகளாகப் படிந்துள்ள காரீயம் மிக உயர்ந்த தூய்மையுடையது. இத்தகைய நரம்புக் காரீயத்தை வணிக அளவில் அகழும் நாடு உலகில் ஏறக்குறைய இஃதொன்றே. முதலாம் உலகப் போர்க் காலத்தில் உச்சத்தை எட்டிய இதன் ஏற்றுமதி, பெரும்பாலும் உலோகம் உருக்கும் மூசைகளுக்கான மூலப்பொருளாகவே கப்பலேறிற்று. இன்றோ, எதிர்காலக் கணனிகளுக்கான பொருளே நம் நிலத்தடியில் உறங்குகின்றது என்று மேடைகளில் கூறப்படுகின்றது. இக்கூற்றை ஆராய்வதற்கு முன் காபன் நனோபொருள்களின் இயல்பையும், அவை நுண்கருவிகளில் தொழிற்படும் வகையையும் தெளிந்துகொள்ளுதல் வேண்டும்.

காரீயத்தில் காபன் அணுக்கள் அறுகோணிகளாக இணைந்து படலங்களாக அமைகின்றன. ஒரு படலத்தினுள் அடுத்தடுத்த அணுக்களுக்கிடையிலான தூரம் 0.142 நனோமீற்றர், ஆனால் படலத்துக்கும் படலத்துக்கும் இடையிலான தூரம் 0.335 நனோமீற்றர். படலத்தினுள் பிணைப்பு மிக வலியது. படலங்களுக்கிடையே ஈர்ப்பு மெலிந்தது. பென்சில் தாளில் எழுதுவது இந்த மெலிவினாலேயே. இவ்வாறு பிரிக்கப்பட்ட தனிப் படலமே கிரபீன். 2004 ஆம் ஆண்டில் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கைமும் நொவொசெலொவும் சாதாரண ஒட்டுநாடாவைக் கொண்டு அதனை உரித்தெடுத்து அதன் மின்னியல்புகளை அளந்தனர். 2010 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. இப்படலம் உருளையாகச் சுருண்ட நிலையில் அமைவதே காபன் நனோகுழாய். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு நனோமீற்றர் மட்டுமே.

குழாய்களின் வரலாற்றில் ஒரு செய்தியை இங்கு குறிப்பிடாமற் செல்லுதல் தகாது. 1991 இல் யப்பானிய அறிஞர் இஜிமா வெளியிட்ட கட்டுரையையே பலரும் தொடக்கமாகக் கொள்வர். ஆயின் 1952 ஆம் ஆண்டிலேயே ரடுஷ்கேவிச், லுக்கியானோவிச் என்னும் சோவியத் அறிஞர் இருவர், உள்ளீடற்ற காபன் இழைகளின் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களை ருஷ்ய மொழி ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டிருந்தனர். மேற்குலகில் அதனைப் படித்தோர் அரிதாயினர். ஆங்கிலமல்லாத மொழியில் ஆய்வு வெளியிடுவோர் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி இது. ஒற்றைச் சுவர்க் குழாய்கள் 1993 இல் யப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்டன.

இனி மையமான பிரச்சினைக்கு வருவோம். கோலம் இழைத்த பாய் ஒன்றைச் சுருட்டி, அதன் இரு ஓரங்களையும் கோலம் முறியாதவாறு பொருத்துவதாகக் கொள்வோம். நேராகவும் சுருட்டலாம், சற்றுச் சரித்தும் சுருட்டலாம். கோலம் பொருந்தும் வழிகள் பல. நனோகுழாயில் ஒவ்வொரு வழியும் இரு முழுவெண்களால் குறிக்கப்படுகின்றது. குழாயின் சுற்றளவைச் சுற்றிவரும் இலத்திரன் அலை, முழுவெண் அலைநீளங்களாகவே அதனுள் அடங்கவேண்டும். இந்நிபந்தனையால் கிரபீனில் இயல்பாகவுள்ள இலத்திரன் நிலைகளுட் சிலவே குழாயில் அனுமதி பெறுகின்றன. கிரபீனின் இரு சத்திப் பட்டைகளும் ஒன்றையொன்று தொடும் புள்ளி அவற்றுள் அடங்குமாயின் குழாய் உலோகம் போல மின்னைக் கடத்தும். அடங்காதாயின் அது குறைகடத்தி. அவ்விரு முழுவெண்களின் வித்தியாசம் மூன்றால் வகுபடுமாயின் முன்னையது, வகுபடாதாயின் பின்னையது என்பது விதி.

எடுத்துக்காட்டாக (10,10) என்னும் குழாயின் விட்டம் 1.356 நனோமீற்றர், (11,9) இன் விட்டம் 1.358 நனோமீற்றர். வித்தியாசம் நனோமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்கே. இரண்டும் தூய காபனே. எனினும் முதலாவது உலோகம், இரண்டாவது குறைகடத்தி. சிலிக்கனைக் குறைகடத்தியாகப் பயன்படுத்த அதனுடன் பொசுபரசு, போரன் முதலிய வேற்றணுக்களைச் சேர்த்துப் பண்பை மாற்றவேண்டியுள்ளது. இங்கோ சுருளும் வகை ஒன்றே பண்பைத் தீர்மானிக்கின்றது.

குறைகடத்திக் குழாயைக் கொண்டு அறைவெப்பநிலையில் இயங்கும் திரான்சிற்றரை 1998 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் பல்கலைக்கழகத்தில் டெக்கர் குழுவினரும், ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் அவுரிஸ் குழுவினரும் ஆக்கிக் காட்டினர். குழாயினூடாக இலத்திரன்கள் குறுகிய தூரங்களில் ஏறத்தாழச் சிதறலின்றியே செல்கின்றன. செம்புக் கம்பி தாங்கக்கூடிய மின்னோட்ட அடர்த்தியின் ஏறத்தாழ ஆயிரம் மடங்கைக் குழாய் தாங்கவல்லது. மேலும், மெல்லிய உருளையாதலால் வாயில் மின்முனை அதனை நன்கு கட்டுப்படுத்தவும் முடிகின்றது. சிலிக்கன் திரான்சிற்றர்களைச் சிறுத்துக்கொண்டே போவதில் எழும் ஒழுக்கு மின்னோட்டத் தொல்லையை நோக்குமிடத்து இவை பெரும் நன்மைகளாம்.

எனினும் ஒரு குழாயின் பண்பு வேறு, ஒரு கோடி குழாய்களைக் கொண்ட கருவியின் பண்பு வேறு. உற்பத்தியில் எல்லாக் கோணங்களும் கலந்தே விளைகின்றன. கணக்கின்படி மூன்றில் ஒன்று உலோகக் குழாய். ஒரு திரான்சிற்றரில் நூறு குழாய்கள் அருகருகே கிடக்க, அவற்றுள் ஒன்று உலோகமாயினும் அத்திரான்சிற்றரை முற்றாக அணைக்க முடியாது; மின் கசிந்துகொண்டேயிருக்கும். ஆகவே 99 சதவீதத் தூய்மை இரசாயனவியலாளனுக்கு வெற்றியாயினும் மின்சுற்று அமைப்பவனுக்குத் தோல்வியே. இதற்கெனக் கையாளப்படும் வழிகளுள் ஒன்று, பரப்புச் செயற்பொருள் சேர்த்த கரைசலில் குழாய்களை மிகுவேக மையநீக்கத்துக்கு உட்படுத்தி அடர்த்தி வேறுபாட்டால் பிரித்தல். மற்றொன்று, குறைகடத்திக் குழாய்களையே தெரிந்து சுற்றிக்கொள்ளும் பல்பகுதியங்களைப் பயன்படுத்துதல். மூன்றாவது வழி சற்று முரட்டுத்தனமானது: வாயில் மின்னழுத்தத்தால் குறைகடத்திக் குழாய்களை அணைத்துவிட்டுப் பெருமின்னோட்டத்தைச் செலுத்தினால், அணைக்க முடியாத உலோகக் குழாய்கள் எரிந்தழிகின்றன.

இவ்வெரிப்பு முறையின் துணைகொண்டு 2013 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் 178 திரான்சிற்றர்களாலான கணனி ஒன்றை ஆக்கினர். எண்ணுதலையும் எண்களை வரிசைப்படுத்துதலையும் அது செய்தது. 2019 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தார் 14,000 இற்கு மேற்பட்ட திரான்சிற்றர்களுடன் 16 பிற்று நுண்செயலியை ஆக்கினர். இவர்களுடைய உபாயம் குறிப்பிடத்தக்கது. வழக்கமான வடிவமைப்புக்கு 99.999999 சதவீதத் தூய்மை வேண்டும். அதனை அடைய முயலாது, உலோகக் குழாயினால் பெரிதும் பாதிக்கப்படும் தருக்கச் சேர்மானங்களை வடிவமைப்பிலேயே தவிர்த்து, 99.99 சதவீதத் தூய்மையுடன் காரியத்தை முடித்தனர். இரண்டு கணனிகளுமே வேகத்தில் சிலிக்கனுக்கு அருகிலும் வரமாட்டா.

தூய்மை இத்துணை வேண்டப்படாத துறைகளில் குழாய்கள் முன்னரே பயன் தந்துள்ளன. ஒற்றைச் சுவர்க் குழாயில் எல்லா அணுக்களும் மேற்பரப்பிலேயே உள்ளமையால், அருகில் வந்து ஒட்டும் சில மூலக்கூறுகள்கூட அதன் கடத்துதிறனை மாற்றிவிடுகின்றன. நைதரசனீரொட்சைட்டும் அமோனியாவும் இவ்வாறு அறைவெப்பநிலையிலேயே உணரப்படலாம் என்பது 2000 ஆம் ஆண்டில் காட்டப்பட்டது. இலிதியம் மின்கலங்களின் மின்வாய்களில் கடத்துதிறனைக் கூட்டும் சேர்பொருளாகவும் பன்சுவர்க் குழாய்கள் இன்று பயன்படுகின்றன.

தொழிலாளர் நலன் இவ்விடத்தில் கருதப்படவேண்டும். நீண்ட, விறைப்பான பன்சுவர்க் குழாய்கள் எலிகளின் வயிற்றறையில் கல்நாரை ஒத்த அழற்சியை உண்டாக்கின என 2008 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. 2014 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஒரு குறித்த வகைப் பன்சுவர்க் குழாயை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியதாக வகுத்தது. கல்நாரின் தீங்கை உலகம் ஏற்றுக்கொள்ளுமுன் எத்தனை தொழிலாளர் மடிந்தனர் என்பதை நாம் அறிவோம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். நனோகுழாய்கள் பெருமளவில் காரீயத்திலிருந்து செய்யப்படுவனவல்ல. மெதேன், எதிலீன் போன்ற ஐதரோகாபன் வாயுக்களை இரும்பு, கோபாற்று முதலிய ஊக்கித் துணிக்கைகளின்மேல் உயர்வெப்பநிலையில் பிரிகையுறச் செய்தே அவை வளர்க்கப்படுகின்றன. காரீயத்திலிருந்து பெறத்தக்கது கிரபீன். ஆயின் கிரபீனில் சத்தி இடைவெளி இல்லை. அதனாலான திரான்சிற்றரை முற்றாக அணைத்தல் இயலாது. எனவே கணனித் தருக்கச் சுற்றுக்கு நம் காரீயம் என்னும் மேடைக் கூற்று இரு வகையிலும் நிலைக்காது.

நிலைக்கக்கூடிய வழி வேறு. காரீயத்தைச் சல்பூரிக்கமிலத்தாலும் பொற்றாசியம் பரமங்கனேற்றாலும் ஒட்சியேற்றினால் படலங்கள் நீரில் தனித்தனியே பிரிகின்றன. இந்தக் கிரபீன் ஒட்சைட்டிலிருந்து கடத்தும் மைகளும், உணரிகளும், மின்னைச் சேமிக்கும் மின்வாய்களும் ஆக்கப்படலாம். இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் நரம்புக் காரீயத்தைக் கொண்டு இத்திசையில் ஆய்வு நடத்தியுள்ளது. ஒட்சியேற்றத்தில் இழந்த கடத்துதிறன் தாழ்த்தலின்போது ஒரு பகுதியே மீளுகின்றது. மங்கனீசு கலந்த அமிலக் கழிவும் மிஞ்சுகின்றது. அக்கழிவை எங்கே விடுவது என்பது தொழிற்சாலை எழுமுன்னர் கேட்கப்படவேண்டிய கேள்வியாகும்.