தக்காளி வயலுக்குத் தோள்கொடுத்த தொலைக்காட்சி நாயகி

அமெரிக்கச் சின்னத்திரையில் பட்டும் வைரமுமாக வலம்வந்தவர் ஈவா லாங்கோரியா. கேமராவுக்குப் பின்னால் அவர் பேசியது வேறு கதை. வெயிலில் காய் பறிக்கிற கைகளுக்கு எவ்வளவு கூலி கிடைக்கிறது என்ற கதை.

தக்காளி கிலோ 100 ரூபாய்க்கு விற்றால் செய்தி. 5 ரூபாய்க்கு இறங்கி, பறிகூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விட்டாலும் செய்தி. ஆனால், அந்தக் காயைப் பறித்தவருக்கு என்ன கிடைத்தது என்பது பெரும்பாலும் செய்தியாவதில்லை. அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே இதைப் பேசவைத்தவர்கள் முதலில் தொழிலாளர்கள். பிறகு, அவர்களுக்குத் தன் புகழைக் கடனாகக் கொடுத்த சிலர். அந்தச் சிலரில் ஒருவர் இந்த நடிகை.

பட்டா நிலமும் மாறிய எல்லையும்

1975-ம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கடலோர நகரத்தில் பிறந்தவர் ஈவா. நான்கு பெண் பிள்ளைகளில் கடைக்குட்டி. மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம். 2010-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த ஒரு நிகழ்ச்சிக்காக ஆய்வாளர்கள் அவருடைய பரம்பரையைத் தேடினார்கள். 1767-ல் அவருடைய முன்னோர் ஒருவருக்கு ஸ்பெயின் மன்னர் ரியோ கிராண்டே ஆற்றோரம் ஏறக்குறைய 4,000 ஏக்கர் நிலத்தை மானியமாகக் கொடுத்த ஆவணம் கிடைத்தது. அந்த நிலம் நூறு ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்தின் கையில் இருந்தது.

1848-ல் நடந்த ஒப்பந்தத்தில் அந்த ஆறே இரண்டு நாடுகளுக்கும் எல்லையானது. வடகரையில் இருந்தவர்கள் ஊரைவிட்டு நகராமலே வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். ‘நாங்கள் எல்லை தாண்டி வரவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது’ என்று அந்தப் பகுதி மக்கள் இன்றும் சொல்வதுண்டு.

பள்ளி நாள்களிலேயே வெண்டீஸ் என்ற பர்கர் கடையில் வேலைக்குப் போனவர் ஈவா. கிங்ஸ்வில் ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் படித்து முடித்தார். 1998-ல் ஊர் அழகிப் போட்டியில் வென்று, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வாய்ப்புத் தேடிப் போனார். வாய்ப்பு உடனே வரவில்லை. நிறுவனங்களுக்கு ஆள் தேடிக்கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே நடிப்புக்கு முயன்றார்.

2001-ல் ‘தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்’ என்ற பகல்நேரத் தொடரில் இடம் கிடைத்தது. 2004-ல் தொடங்கிய ‘டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்’ தொடர் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பணக்காரக் கணவரின் பெரிய வீட்டில் வாழும் முன்னாள் மாடல் அழகி கேப்ரியெல் பாத்திரம். 2012 வரை 8 பருவங்கள் ஓடியது அந்தத் தொடர்.

படப்பிடிப்பு முடிந்தால் வகுப்பு

புகழின் உச்சியில் இருந்தபோது அவர் செய்த காரியம் பலரையும் ஆச்சர்யப்படுத்தியது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நார்த்ரிட்ஜ் வளாகத்தில், மெக்சிகோ வம்சாவளி மக்களின் வரலாற்றைப் பற்றிய முதுகலைப் படிப்பில் சேர்ந்தார். படப்பிடிப்புக்கு நடுவே படித்து 2013-ல் பட்டம் வாங்கினார்.

2006-லேயே அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக ‘ஈவாஸ் ஹீரோஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். அவருடைய அக்கா ஒருவருக்கு அந்தக் குறைபாடு உண்டு. 2012-ல் லத்தீன் வம்சாவளிப் பெண் பிள்ளைகளின் படிப்புக்காகத் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். விவசாயத் தொழிலாளர்களுக்காக 1962-ல் சங்கம் கட்டியவர்களில் ஒருவரான டொலோரஸ் ஹுவெர்டாவைத் தன் வழிகாட்டியாகச் சொல்பவர் ஈவா. அந்த வழியில்தான் வயல்வெளி பக்கம் அவர் பார்வை திரும்பியது.

பிள்ளைகள் பறிக்கிற காய்

2011-ல் ‘தி ஹார்வெஸ்ட்’ என்ற ஆவணப்படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்தார். ‘அறுவடை’ என்று பொருள். பருவத்துக்குப் பருவம் ஊர்விட்டு ஊர் போய்க் காய், பழம் பறிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் மூவரைப் பின்தொடரும் படம் இது.

உலகிலேயே பணக்கார நாட்டில் குழந்தைத் தொழிலாளர்களா என்று கேட்கலாம். அங்கே 1938-ல் வந்த தொழிலாளர் சட்டம் மற்ற தொழில்களுக்கு ஒரு கணக்கும், விவசாயத்துக்கு வேறொரு கணக்கும் வைத்திருக்கிறது. பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளை, பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில், அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்யலாம். மற்ற துறைகளில் ஆபத்தான வேலைக்கு 18 வயது ஆக வேண்டும். விவசாயத்தில் 16 போதும். இதைத் திருத்தக் கோரும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை வந்தும் நிறைவேறவில்லை. படம் எடுத்ததாலே சட்டம் மாறிவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

ஒரு பக்கெட் கணக்கு

அடுத்த படம் 2014-ல் வந்த ‘ஃபுட் செயின்ஸ்’. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சஞ்சய் ராவல் இயக்கியது. தயாரிப்பில் ஈவாவுக்கு முக்கியப் பங்கு. ஃப்ளோரிடா மாநிலத்தின் இம்மோகலீ ஊரில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்களின் கதை.

நம் விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். அங்கே ஒரு பக்கெட் தக்காளி 32 பவுண்டு. அதாவது, ஏறக்குறைய 14.5 கிலோ. நம் சந்தையில் ஒரு பெட்டி தக்காளி எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரு பக்கெட் பறித்து, தோளில் தூக்கி ஓடிப்போய் லாரியில் ஏற்றினால் கூலி சுமார் 50 சென்ட். அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 10 மணி நேரத்தில் அதை எட்ட 145 பக்கெட் பறிக்க வேண்டும். 2 டன்னுக்கும் மேல்.

இதோடு முடியவில்லை. பக்கெட்டைக் கோபுரமாகக் குவித்தால்தான் கணக்கில் சேரும். மண்டியில் ‘கழிவு’ என்ற பெயரில் எடையைக் குறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பனி ஈரம் காயும்வரை காயில் கை வைக்கக் கூடாது. ஆனாலும், விடியும் முன்பே பேருந்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. 1996-ல் தண்ணீர் குடிக்க வேலையை நிறுத்தியதற்காகப் பதின்ம வயதுத் தொழிலாளி ஒருவரை மேஸ்திரி அடித்தார். ரத்தம் தோய்ந்த அந்தச் சட்டைதான் இம்மோகலீ போராட்டத்தின் கொடியானது.

1993-ல் ஒன்றுகூடத் தொடங்கியவர்கள் முதலில் தோட்டக்காரர்களிடம்தான் மோதினார்கள். பிறகுதான் ஓர் உண்மை புலப்பட்டது. தோட்டக்காரர் கையையும் ஒருவர் முறுக்கிக்கொண்டிருக்கிறார். லட்சக்கணக்கான டன் வாங்கும் உணவகச் சங்கிலிகளும் பல்பொருள் அங்காடிகளும் விலையை அடித்துக் குறைக்கின்றன. அந்த அடி தோட்டக்காரர் வழியாகக் கூலிக்காரர் முதுகில் இறங்குகிறது. எனவே, கேள்வியைப் பெரிய கொள்முதல்காரர்கள் பக்கம் திருப்பினார்கள்.

கேட்டது இவ்வளவுதான். பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுங்கள். முழுமையாகக் கிடைத்தால் பக்கெட்டுக்கு 32 சென்ட் கூடும். 50 சென்ட், 82 சென்ட் ஆகும். கடையில் வாங்குபவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

2001-ல் டாக்கோ பெல் உணவகத்தைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2005-ல் அந்த நிறுவனம் இறங்கிவந்தது. 2007-ல் மெக்டொனால்ட்ஸ், 2008-ல் பர்கர் கிங் என்று வரிசையாக ஒப்பந்தம் போட்டன. 2010-ல் ஃப்ளோரிடா தக்காளி உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்தது. 2014 ஜனவரியில் வால்மார்ட்டும் கையெழுத்திட்டது.

கூடுதல் சென்ட் மட்டுமல்ல, வேலை முறையும் மாறியது. பக்கெட்டைக் குவிக்கத் தேவையில்லை. வந்த நேரம், போன நேரம் பதிவாகும். நிழலும் குடிதண்ணீரும் கட்டாயம். பெண்களிடம் அத்துமீறும் மேஸ்திரிக்கு வேலை போகும். 24 மணி நேரமும் புகார் சொல்லத் தொலைபேசி உண்டு. விதியை மீறும் தோட்டத்திலிருந்து ஒப்பந்தம் போட்ட நிறுவனங்கள் தக்காளி வாங்காது. இந்தக் கடைசி விதிதான் மற்ற எல்லா விதிகளுக்கும் பல் கொடுத்தது.

எல்லோரும் சேரவில்லை. பப்ளிக்ஸ் அங்காடியின் தலைமையகத்தின் முன் 2012 மார்ச்சில் தொழிலாளர்கள் 6 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். படத்தின் மையமே அதுதான். நிறுவனம் அசையவில்லை. ஈவா சிறுவயதில் வேலை பார்த்த வெண்டீஸும் பல ஆண்டுகளாகச் சேர மறுத்தே வந்திருக்கிறது.

வயலிலிருந்து போன கடிதம்

2017-ல் ஹாலிவுட் நடிகைகள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை வெளியே சொல்லத் தொடங்கினார்கள். அந்த நவம்பரில், 7 லட்சம் பெண் விவசாயத் தொழிலாளர்கள் சார்பில் அவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் வந்தது. ‘எங்களுக்கும் இதேதான் நடக்கிறது, உங்களோடு நிற்கிறோம்’ என்பது அதன் சாரம். நட்சத்திரங்கள் ஏழைகளுக்கு ஆறுதல் சொல்வதைப் பார்த்திருக்கிறோம். இங்கே காய் பறிக்கும் பெண்கள் நட்சத்திரங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். 2018 ஜனவரியில் ‘டைம்ஸ் அப்’ என்ற இயக்கத்தை நடிகைகள் தொடங்கியபோது, வழக்கு நடத்த வசதியில்லாத பெண்களுக்கான சட்ட உதவி நிதியும் அதோடு சேர்ந்தே பிறந்தது. ஈவாவும் அதன் முன்னணியில் இருந்தார்.

பிறகு படம் இயக்கினார். உணவுப் பயண நிகழ்ச்சி நடத்தினார். 2024-ல் ஜெஃப் பெசோஸ் வழங்கும் விருதாக 5 கோடி டாலர், விருப்பமான அறப்பணிகளுக்குக் கொடுப்பதற்காக அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நடிகை பேசினால் விலை கிடைக்குமா?

நியாயமான கேள்வி. கிடைக்காது என்பதுதான் நேரடியான பதில். டாக்கோ பெல் இறங்கிவந்தபோது ஈவாவின் படம் வெளிவரவே இல்லை. அந்த வெற்றி, கூலிக்காரர்கள் பல ஆண்டுகள் நடந்தும் பட்டினி கிடந்தும் வாங்கியது. படம் செய்தது வேறு வேலை. தக்காளியை வாங்கிச் சாப்பிடும் நகரத்துக் குடும்பங்களின் காதுக்கு அந்தக் கணக்கைக் கொண்டுபோனது. அங்காடி முதலாளி தொழிலாளியின் குரலுக்கு அஞ்சுவதைவிட வாடிக்கையாளரின் முகச்சுளிப்புக்கு அதிகம் அஞ்சுவார்.

நம்மில் பலர் ஒரே வாரத்தில் மூன்று வேடம் போடுகிறோம். நம் வயலில் முதலாளி, அடுத்தவர் வயலில் கூலி, சந்தையில் விலை கேட்டு நிற்பவர். கூலி உயர்வும் விளைபொருள் விலையும் ஒன்றுக்கொன்று பகை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். இம்மோகலீ தொழிலாளர்கள் அந்தப் பகையை விட்டுவிட்டு, விலையை முடிவு செய்பவர் யார் என்று மேலே பார்த்தார்கள். கேட்டது ஒரே ஒரு சென்ட். ஆனால், அதை எந்தக் கதவைத் தட்டிக் கேட்பது என்று தெளிவாக இருந்தார்கள்.

உங்கள் ஊரில் ஒரு பெட்டிக்குப் பறிகூலி எவ்வளவு? மண்டியில் கழிவு எவ்வளவு? கடையில் விற்கும் விலையில் உங்கள் கைக்கு வருவது எவ்வளவு? கணக்குப் போட்டு, கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். கணக்கு வெளியே வந்தால்தான் நியாயம் பேச முடியும்.