உமியும் வைக்கோலும்: எரிபொருள் தகுதியின் மதிப்பீடு

வேளாண் கழிவுகளை எரிபொருளாகப் பரிந்துரைக்கும்போது அவற்றின் வெப்ப மதிப்பே முதலில் முன்வைக்கப்படுகிறது. உலர்ந்த மாதிரியைப் பாம் கலோரிமீட்டரில் எரித்துப் பெறும் அந்த எண் தேவையானதே; ஆனால், கொதிகலனுக்கு எது ஏற்றது என்பதை அது மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரே நெற்பயிரிலிருந்து கிடைக்கும் உமியும் வைக்கோலும் இதற்குத் தக்க சான்றாகும்.

இரண்டின் வெப்ப மதிப்பும் கிலோவுக்கு ஏறத்தாழ 13 முதல் 16 மெகாஜூல் வரை அமைகிறது. இரண்டிலும் சாம்பல் மிகுதி. எடையில் பொதுவாக 15 முதல் 20 விழுக்காடு எஞ்சும். கரும்புச் சக்கையில் இது மிகக் குறைவு. இவ்வளவு ஒத்திருந்தும், புழுங்கல் அரிசி ஆலைகள் நீராவிக்கு உமியையே எரிக்கின்றன, வைக்கோலை நாடுவதில்லை.

வேறுபாடு சாம்பலின் அளவில் அன்று, இயைபில் உள்ளது. உமிச் சாம்பலில் பொதுவாக 85 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்காவே. அது உலையின் வெப்பத்தில் எளிதில் உருகாது. வைக்கோலிலும் சிலிக்கா உண்டு. ஆயினும் பொட்டாசியமும் குளோரினும் அதில் கணிசமாக உள்ளன. பொட்டாசியம் சிலிக்காவுடன் வினைபுரிந்து, தனிச் சிலிக்காவைவிட மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் கண்ணாடி போன்ற பொருளாகிறது. அது உலையடியில் கட்டியாக இறுகும். ஆவியாகும் பொட்டாசியம் குளோரைடு நீராவிக் குழாய்களின் மேல் படிந்து, வெப்பம் கடத்தப்படுவதைத் தடுப்பதுடன் உலோகத்தையும் அரிக்கிறது. எனவே, சாம்பல் உருகும் வெப்பநிலையைச் சோதிக்காத மதிப்பீட்டை நம்பி உலையை வடிவமைப்பது இடர் மிக்கது. அறுவடைக்குப் பின் மழையில் நனையும் வைக்கோலிலிருந்து இவ்விரு தனிமங்களும் பெருமளவு கரைந்து வெளியேறுகின்றன. மீண்டும் உலர்த்தினால், மாட்டுக்கு ஆகாத அவ்வைக்கோலே உலைக்குக் கூடுதலாக ஏற்றதாகிறது!

உமியும் தீங்கற்றதன்று. உயர் வெப்பத்தில் எரியும்போது அதன் சிலிக்கா படிக வடிவம் பெறுகிறது. அச்சாம்பல் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு.

அடுத்தது கிடைப்பளவு. நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கான உமி, ஆலையிலேயே ஓரிடத்தில் குவிகிறது. வைக்கோலோ வயலெங்கும் சிதறிக் கிடப்பது. எடைக்கு மிகுந்த இடத்தை அடைப்பதால் ஏற்றுகூலி உயர்கிறது. மேலும், காவிரிப் படுகையில் இயந்திர அறுவடைக்குப்பின் அது கட்டுகளாக்கப்பட்டுத் தீவனமாக விற்கப்படுகிறது. விளைச்சல் புள்ளிவிவரத்தை ஒரு விகிதத்தால் பெருக்கி, கிடைக்கும் வைக்கோல் முழுவதையும் ‘கழிவு’ எனக் கணக்கிடும் முறை இங்குதான் பிழைபடுகிறது. தீவனத் தேவையை, குறிப்பாக வறட்சி ஆண்டின் தேவையை, கழித்து எஞ்சுவதைக் கொண்டே மின்நிலையத்தின் திறன் வரையறுக்கப்பட வேண்டும்.